பேட்டரிக்குச் சாம்பிராணி

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாருக்கும் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. பெண் கேட்டு வந்தவனிடமும் “யோசிச்சுச் சொல்றோமுங்க” என்போம். காடு விலைக்குக் கேட்டு வந்தவனிடமும் “பாக்கலாமுங்க” என்போம். வந்தவன் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்து, தானாகவே புரிந்துகொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைத்தான் கொங்குநாட்டு மரியாதை என்று மெச்சுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மரியாதையால் ஒரு மில் பூட்டிக் கிடப்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்த நூல் மில் அது. நான் அங்கே ஸ்டோர் பார்த்தேன். பேரிங், பெல்ட்டு, பல்பு என்று கேட்டு வருபவர்களிடம் சிடுசிடுப்பதுதான் என் உத்தியோகம். என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் பஷீர். போத்தனூர்க்காரர், மில்லின் எலக்ட்ரிகல் போர்மேன். பழைய பியூஸைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் புதியது கேட்பார். அதுவும் எப்படி? “ஏனுங்க, தொந்தரவுக்கு மன்னிக்கோணும், ஒண்ணே ஒண்ணு கெடைக்குங்களா?” என்பார். சாமான் அவர் வேலை பார்க்கும் மில்லுடையது. கேட்பதென்னவோ பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்கிற மாதிரி.

வாலிபத்தில் ஹெல்பராகச் சேர்ந்தவர். அப்போதைய பெரிய முதலாளி ஒரு புது மெஷின் வாங்கி, ஐயர் வைத்து, நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். மெஷின் ஓடவில்லை. மறுபடி அழுத்தினார், ஓடவில்லை. ஓரமாக நின்ற பஷீர் போய் எதையோ சரிசெய்துவிட்டு அழுத்த, ஓடிவிட்டது. ஏதோ ஒரு வயர் தளர்ந்திருந்ததாம், அவ்வளவுதான். ஆனால் பெரிய முதலாளி அதைக் கைராசி என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மில்லில் எந்தப் புது மெஷின் வந்தாலும் முதல் பொத்தான் பஷீர் கையால்தான். ஆயுத பூஜை முடிந்து மில்லை மறுபடி ஓட்டுவதும் அவர் கையால்தான். குங்குமம் வைத்துக்கொள்ள மாட்டார், யாரும் வை என்று சொன்னதுமில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பிஸ்மில்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அழுத்துவார்.

நூல் மில்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கரண்ட் ஒரு கணம் கண் சிமிட்டினால் விளக்கு மினுங்கும், அவ்வளவுதான். மில்லில் சிமிட்டினால் நூல் சுற்றும் மெஷின்கள் அத்தனையும் தடுமாறி, அத்தனை இழையும் அறுந்துபோகும். பெண்கள் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போட வேண்டும். முடித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி சிமிட்டும். பஷீர் தன் ஆயுசில் பாதியை ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடியே கழித்தார். டீயை வாயில் வைத்தபடியே டம்ளரைப் போட்டுவிட்டு ஓடுவார். அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் அவருடைய இடது காது போனது. அதற்கும் அவர் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. “சோறு போட்ட சத்தமுங்க” என்பார்.

பெரிய முதலாளி காலமான பிறகு மகன் சென்னகேசவன் மில்லைப் பார்த்தார். நல்ல மனிதர், கெட்ட காலத்தில் முதலாளியானவர். பஞ்சு விலை ஏறினால் நூல் விலை இறங்கும். காலையிலும் மாலையிலும் உச்ச நேரம் என்று கரண்டுக்குக் கூடுதல் கட்டணம். கூரையில் சோலார் போட்டிருந்தார். அது உச்சிவெயிலில் அள்ளிக் கொடுக்கும், மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கையை விரிக்கும். டீசலோ குடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து மில்கள் ஒவ்வொன்றாகக் கிடங்காகவும் கல்யாண மண்டபமாகவும் மாறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பேட்டரிப் பேச்சு வந்தது. லாரியில் வரும் கண்டெய்னர் அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே அடுக்கடுக்காக பேட்டரி. மதியம் சோலார் கொடுப்பதைச் சேர்த்து வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கும். கரண்ட் சிமிட்டினால் இழைக்குத் தெரியாமல் தாங்கிக்கொள்ளும். டீசல் வேண்டாம், உச்ச நேரத்துக் கட்டணம் வேண்டாம். ஆனால் அதை வாங்கக் குடும்பத்துத் தென்னந்தோப்பை விற்க வேண்டும். மில்லைத் தவிர அவர்களிடம் மிச்சம் இருந்தது அந்தத் தோப்பு மட்டும்தான்.

சென்னகேசவன் பஷீரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஸ்டாக் சொல்லப் போன நானும் அங்கே இருந்தேன்.

“பாய், நீங்க சொல்லுங்க. தோப்பை வித்துப்போட்டு இதுல போடலாங்களா?”

“நான் என்னத்தச் சொல்றதுங்க தம்பி…”

“இல்ல பாய், மரியாதைக்கெல்லாம் வேண்டாமுங்க. இது ஓடுச்சுன்னா மில்லு ஓடும். இல்லீன்னா கேட்டைப் பூட்டறதத் தவிர வேற வழி இல்லீங்க.”

பஷீர் அவகாசம் கேட்டார். சூலூர் பக்கம் ஒரு மில்லில் அப்படிப்பட்ட பேட்டரி ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், அங்கிருந்த போர்மேனோடு பகலெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்து, “போடுங்க தம்பி. நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் வாயிலிருந்து ‘நான்’ என்று தொடங்கி இவ்வளவு உறுதியாக ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

தோப்பு போனது. பேட்டரி வந்தது. மில்லின் பின்பக்கம் சிமெண்டு மேடை கட்டி, வெள்ளைப் பெட்டியை கிரேனில் இறக்கி வைத்தார்கள். அதை நிறுவிய கம்பெனியின் இன்ஜினியர் சைதன்யா என்பவர் பஷீருக்குப் பாடம் எடுத்தார். நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். பெட்டிக்குள் புகையை முகர்ந்து பார்க்கும் கருவிகள் உண்டு. புகை தெரிந்தால் மணி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தீயணைக்கும் மருந்து தூளாகப் பீய்ச்சும்.

“உள்ளே பீடி, கற்பூரம், வெல்டிங் எதுவும் கூடாதுங்க. அப்படி ஏதாவது வேலை இருந்தா முன்னாடியே கூப்பிடுங்க. அதை நிறுத்தி வைக்கிற சாவி எங்ககிட்டதான் இருக்கும், நாங்க வந்து நிறுத்தித் தர்றோம்” என்றாராம் சைதன்யா.

முதல் பொத்தானை பஷீர் அழுத்தினார். பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த ஆனி, ஆடிக் காற்றில் லைன் எத்தனையோ தடவை சிமிட்டியது. மில்லில் ஓர் இழைகூட அறவில்லை. முதல் தடவை பஷீர் பழக்க தோஷத்தில் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி வழியில் நின்றார். மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து கேன்டீனில் இன்னொரு டீ வாங்கி, என் எதிரில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார்.

“இந்த மில்லுல டீ இவ்வளவு சூடா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

கண் கலங்கியிருந்தது. நானும் அன்று யார் மேலும் எரிந்து விழவில்லை. பழைய ஜெனரேட்டரை அவர் பேச்சைக் கேட்டே விற்றார்கள். நூல் ஆர்டர் இரண்டு புதிதாக வந்தது. மில் பிழைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சென்னகேசவன் கூடச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மில்லில் அது தீபாவளியை விடப் பெரிது. மெஷின்களைத் துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை மூட்டை மூட்டையாக இறங்கும். சென்னகேசவனின் தாயார் ரங்கநாயகி அம்மாள், முழங்கால் வலியோடு, சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக வருவார். அறையின் நாலு மூலைக்கும் புகை காட்ட வேண்டும் என்பது அவர் வழக்கம். ஒரு மூலை விட்டுப்போனாலும் திரும்ப வந்து காட்டுவார். அவருக்கு முன்னால் போய்க் கதவுகளைத் திறந்து விடுவது பஷீரின் வேலை. வருஷா வருஷம் அப்படித்தான்.

பஷீருக்குப் பேட்டரி ஞாபகம் இருந்தது. அன்று காலையிலேயே சைதன்யாவுக்கு போன் போட்டிருக்கிறார். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தவருக்கு லைன் கிடைக்கவில்லை. சாவி வராது. ஆக மிச்சம் இருந்தது ஒரே வழிதான். அம்மாளிடம், இங்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மெஷின் ஹால், பஞ்சு கிடங்கு, என் ஸ்டோர், எல்லாம் முடிந்தது. கடைசியாகப் பின்பக்கம் வந்தோம். அம்மாள் வெள்ளைப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

“நம்ம தோப்பு முச்சூடும் இதுக்குள்ளதான் இருக்குது. இதுக்கு நல்லாப் போடோணும். கதவத் தொறந்து உடுங்க பஷீரு.”

பஷீர் நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் வாய் அசைந்ததைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. எதற்காகத் தயங்குகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. கதவுச் சாவியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு கதவை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து விட்டார்.

அவர் பின்னாளில் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. வேற எந்த எலக்ட்ரீசியன் சொன்னாலும் அது வயரிங் பேச்சுங்க. நான் சொன்னா? இத்தன வருசமா அவங்க பூசைக்கு முன்னால நின்னு கதவத் தொறந்து உட்டவன், இன்னைக்கு இங்க சாம்பிராணி போடாதீங்கன்னா, சுத்தி நிக்கற சனம் அத எப்புடிக் கேக்கும்? காலம் வேற ஒரு மாதிரி கெடக்குதுங்க. கதவ அகலத் தொறந்து வெச்சா பொகை வெளிய போயிரும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டனுங்க.”

அம்மாள் உள்ளே ஏறினார். முதல் மூலை, இரண்டாவது மூலை. வெளியே ஐயர் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். பெட்டியின் மணியும் சேர்ந்து அடிக்க, எங்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேலே சிவப்பு விளக்கு சுழன்றதைப் பார்த்தது பஷீர் மட்டும்தான். பாய்ந்து ஏறி, அம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். தட்டு உள்ளேயே விழுந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளுக்கு அருகில்கூட நின்று பேசாதவர் அவர்.

புஸ் என்று ஒரு சத்தம். கதவு வழியாக வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னங்க இது, திருநீறு கொட்டுன மாதிரி?” என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. கம்பெனியைப் பிடித்துக் கேட்டபோது, ஆள் வரும்வரை யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றார்கள். மறுநாள் விஜயதசமி, அதையடுத்து ஞாயிறு என்று விடுமுறை நீண்டது. மழையும் பிடித்துக்கொண்டது. பஷீர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி வந்து அந்தப் பெட்டியின் எதிரில் குடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எழவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தத் தூள் ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் கார்டுகளை அரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தொட முடியாது.

சைதன்யா வந்து திறந்து பார்த்தபோது கார்டுகளில் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. கேமராவில் சாம்பிராணித் தட்டு தெளிவாகப் பதிவாகியிருந்தது. கேரண்டி செல்லாது என்றது கம்பெனி. இன்ஷூரன்ஸும் அதையே சொன்னது. சொந்தச் செலவில் மாற்றுவதற்கு விற்க இன்னொரு தோப்பும் இல்லை. அவர்களைத் திட்டி என்ன பயன்? சொல்ல வேண்டியதை அவர்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

சென்னகேசவன் பஷீரைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே பாய்” என்றாராம். அவ்வளவுதான்.

“அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பனுங்க” என்றார் பஷீர், என் ஸ்டோரில் வந்து உட்கார்ந்துகொண்டு.

அவர் வீட்டுக்கார அம்மா உம்மல் குல்சும் அப்படி விடவில்லை. நான் ஒருமுறை போத்தனூர் போயிருந்தபோது என் காதுபடவே கேட்டார். “அவங்க பொரிகடலய வருசா வருசம் ஊட்டுக்குக் கொண்டாந்தீங்க. பெருநாளைக்கு நம்மூட்டுப் பிரியாணி அங்க போவுது. நம்ம மக ரிஃபானா கல்யாணத்துக்கு அந்தம்மா வந்து, காலு வலியோட கீழ உக்காந்து சாப்புட்டாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க பயம்?”

பஷீர் செவிடான காதைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வேண்டாத பேச்சுக்கு அவர் வழக்கமாகச் செய்வது அதுதான். ஆனால் அன்று அவருக்கு அத்தனையும் கேட்டது.

பிறகு எல்லாம் சரிவுதான். வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் வந்தது. அது குடித்த டீசலுக்கு நூல் விற்ற காசு போதவில்லை. பஷீர் மறுபடி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார், இந்த முறை மூச்சு வாங்கியது. இழைகள் அறுந்தன. முடிச்சுப் போட்டுச் சலித்த பெண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். புது ஆர்டர் கொடுத்தவர்கள் திரும்ப வரவில்லை. டீக்கடையில் ஒருவன், “பாய் தெரிஞ்சேதான் தொறந்து உட்டாராமா” என்று இழுத்தான். அவனை நான் கேட்ட கேள்வியில் அவன் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கே வருவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு எப்படியோ பஷீர் காதுக்கும் போய்விட்டது. நல்ல காதுப் பக்கம் யார் சொன்னார்களோ, பாவிகள்.

பொங்கல் கழிந்து மில்லைப் பூட்டினார்கள். மெஷின்களை ஒரு வியாபாரி பேசி முடித்திருந்தார். மறுநாள் கழற்ற ஆள் வரும். கடைசி நாள் நாங்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தோம். ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு மெஷினையும் நிறுத்தியாகிவிட்டது. மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். சென்னகேசவன் பஷீரைப் பார்த்தார். ஓட்டிவைத்த கையைப் பிடித்து நிறுத்தச் சொல்ல எந்த முதலாளிக்கு மனசு வரும்? பஷீரே போய்க் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு, மெயினைக் கீழே இழுத்தார். விசிறிகள் நிற்க நேரம் எடுத்தன. அதற்குப் பிறகு வந்த அமைதி எனக்கு நாராசமாக இருந்தது.

அப்போது ரங்கநாயகி அம்மாள் உள்ளே வந்தார். கையில் சின்னத் தட்டு, அதில் கற்பூரம். பூட்டும் முன் கடைசியாக மில்லுக்கு ஒரு தீபம் காட்ட வேண்டும் என்று வந்திருக்கிறார். கண் சரியாகத் தெரியாமல், ஹாலின் நடுவே நின்று தீப்பெட்டியை உரசப் போனார். அவர் காலடியில் கழிவுப் பஞ்சு குவியலாகக் கிடந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பஷீர் சொல்லிவிட்டார்.

“அம்மா, இங்க வேண்டாமுங்க. பஞ்சு கெடக்குது.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அம்மாள் குனிந்து தரையைப் பார்த்தார்.

“அட, ஆமாங்க பஷீரு. எனக்குக் கண்ணே தெரியறதில்ல. எங்க வெக்கட்டும்? நீங்களே எடஞ் சொல்லுங்க.”

பஷீர் வெளிப்படிக்கட்டைக் காட்டினார். அம்மாள் மெல்ல நடந்துபோய், அங்கே தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் தோன்றவே இல்லை.

பஷீர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பெரிய முதலாளி செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எதற்கு அழுகிறார் என்று எனக்குத் தெரியும். சென்னகேசவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார்.

அம்மாளுக்கு மட்டும் தெரியவில்லை. மில்லுக்காக அழுகிறார் என்று நினைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஷீருக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

“அழுவாதீங்க பஷீரு. உங்க கைராசிக்கு வேற நல்ல எடமாக் கெடைக்குமுங்க.”